ஒன்பதாவது வேளைப் பால்

பேய், பிசாசு, காத்து, கருப்பு என்று எதையும் நான் நம்பியவள் இல்லை. இந்த மாதிரிக் கதை சொல்ல வருகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் அது உண்மை.

தாம்பரம் பக்கத்தில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். அளப்பதும் லேபிள் ஒட்டுவதும்தான் என் பிழைப்பு. குடுவையில் திரவத்தின் மேற்பரப்பு நடுவில் குழிந்திருக்கும், அந்தக் குழியின் அடியைக் கண்ணுக்கு நேராக வைத்துத்தான் அளவைப் படிக்க வேண்டும் என்று வருடா வருடம் புதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே நாட்குறிப்பு எழுதும் பழக்கமும் உண்டு, ஒரு நாள் விட்டதில்லை. இங்கே நான் சொல்லப்போகிற எண்கள் எல்லாம் அந்த நோட்டில் அன்றன்றைக்கு எழுதியவை. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

என் மகள் நிவேதா எனக்கு நாற்பத்தொன்றாவது வயதில், கல்யாணமாகிப் பதினான்கு வருடம் கழித்துப் பிறந்தாள். எட்டாவது மாதத்திலேயே வந்துவிட்டாள். எடை இரண்டு கிலோ நூறு கிராம். அது போதாதென்று மேலண்ணத்தில் ஒரு பிளவு. முகத்தைப் பார்த்தால் தெரியாது, வாயைத் திறந்தால் உள்ளே மேலே சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. அப்படி இருந்தால் குழந்தையால் உறிஞ்ச முடியாது. மார்பில் வைத்தால் வாயை வைத்துக்கொண்டு அழுவாள், அவ்வளவுதான். மாவுப் பால் இரண்டு முறை கொடுத்துப் பார்த்தார்கள், இரண்டு முறையும் ரத்தமாகப் போயிற்று. தாய்ப்பால்தான் ஒரே வழி, அதையும் எடுத்துத்தான் புகட்ட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

கையால் அழுத்துகிற பம்ப் ஒன்று வாங்கினோம். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, ஒரு நாளைக்கு எட்டு வேளை. நுரை அடங்கும்வரை காத்திருந்து, பாட்டிலின் கோட்டைப் படித்து, பிளாஸ்திரித் துண்டு ஒட்டி அதில் தேதி, மணி, அளவு எழுதுவேன். பிறகு பாலாடையில், அதுதான் மூக்கு வைத்த அந்தச் சின்னக் கிண்ணம், சொட்டுச் சொட்டாகப் புகட்டுவேன். வேகமாக ஊற்றினால் பால் மூக்கு வழியாக வந்துவிடும். ஒரு வேளை புகட்டி முடிக்க முக்கால் மணி, பம்ப் செய்ய அரை மணி, பாட்டில்களைக் கொதிநீரில் போட்டெடுக்க அரை மணி, நான் சாப்பிட்டுக் குளிப்பதற்குள் அடுத்த வேளை வந்து நிற்கும். எங்கள் இரண்டு பக்கத்திலும் வந்து உட்கார்ந்து பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. இவர் கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர், காலை ஏழு மணிக்குப் போனால் மாலை ஆறரைக்குத்தான் ராஜகீழ்ப்பாக்கம் வந்து சேருவார். பகல் முழுக்க நானும் குழந்தையும் பம்ப்பும்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் எடுத்த பால் எல்லாம் அப்போதைக்கப்போதே தீர்ந்துவிடும். குழந்தைக்குப் பதினேழாவது நாள்தான் முதல் முறையாக மிச்சம் வந்தது. நாற்பது மில்லி. எனக்கு ஏதோ பரிசு வாங்கிய மாதிரி இருந்தது. பகல் மூன்று மணி என்று எழுதி ஃப்ரிட்ஜில் வைத்தேன். ஆறு மணிக்கு எடுத்துப் பார்க்கிறேன், முப்பத்தைந்து.

இவர் வந்ததும் கேட்டேன். "ஏங்க, காலைல ஃப்ரிட்ஜ் தட்ட ஏதாவது மாத்தி வச்சீங்களா? பாட்டில் சாஞ்சு ஒழுகுதா என்னன்னு தெரியல. அஞ்சு மில்லி குறையுது."

"அஞ்சு மில்லியா!" என்றார். "போலீஸக் கூப்பிடவா?"

மறுநாள் எட்டு குறைந்தது. அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை, இவர் வீட்டிலேயே இருந்தார், பன்னிரண்டு குறைந்தது.

"உண்மையச் சொல்லுங்க. காபிக்கு ஊத்திட்டீங்களா?"

"மாலதி, பாக்கெட் பால் பக்கத்துலயே இருக்கு. அத விட்டுட்டு உன் பால்ல காபி போட்டுக் குடிக்க எனக்கென்ன கிறுக்கா? குளிர்ந்தா எதுவும் சுருங்கும்மா. பத்தாங்கிளாஸ் பாடம்."

எனக்கே சுருக்கம் சொல்லிக்கொடுக்கிறார். ஐம்பது மில்லி பால் உடம்புச் சூட்டிலிருந்து ஃப்ரிட்ஜ் குளிருக்கு வந்தால் அரை மில்லிகூடச் சுருங்காது. ஆனாலும் சோதித்தேன். அதே மாதிரி பாட்டிலில் அதே சூட்டில் தண்ணீர் ஊற்றிப் பக்கத்திலேயே வைத்தேன். தண்ணீர் அப்படியே இருந்தது, பால் பதினைந்து குறைந்தது. அடுத்த நாள் மூடியைச் சுற்றிப் பிளாஸ்திரி ஒட்டி, பிளாஸ்திரியும் பாட்டிலும் சேரும் இடத்தில் குறுக்காகக் கையெழுத்துப் போட்டேன். ஆய்வகத்தில் மாதிரிகளை அப்படித்தான் சீல் வைப்போம். கையெழுத்து அப்படியே இருந்தது, இருபது குறைந்தது. கீழே ஒரு சொட்டு ஈரம் இல்லை. மற்ற பாட்டில்கள் எதிலும் ஒரு மில்லி குறையவில்லை. மூன்று மணிப் பாட்டில், மூன்றுக்கும் ஆறுக்கும் நடுவில், தினம் ஒரு தடவை.

முதலில் எனக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. விடை வராத சோதனையைப் பார்த்தால் வருமே, அந்த எரிச்சல்.

பயம் வேறு இடத்திலிருந்து வந்தது. இருபத்துமூன்றாவது நாள் குழந்தையை எடை போடக் கொண்டுபோனோம். எடை ஏற வேண்டிய அளவுக்கு ஏறவில்லை. டாக்டரம்மா தராசை இரண்டு முறை பார்த்தார். "ஒரு வாரம் டைம் தரேன். நூத்தம்பது கிராம் ஏறணும். இல்லேன்னா அட்மிட் பண்ணி மூக்கு வழியா ட்யூப் போட்டுடலாம், வேற வழியில்ல." ஏற்கெனவே முதல் தடவை அங்கே இருந்தபோது நிவேதாவுக்குத் தொற்று வந்து இரண்டு நாள் கண்ணே திறக்கவில்லை. மறுபடி அந்த அறைக்குள் அவளைக் கொடுத்துவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார என்னால் முடியாது. அவளுக்கு இப்போது ஒரு வேளைக்கு ஐம்பது வேண்டும், நாளைக்கு நானூறு. எனக்கு வருவது நானூற்றைந்து, நானூற்றுப்பத்து. அதில் இருபத்தைந்து போனால் அது யார் வயிற்றிலிருந்து போகிறது? இதற்குப் பிறகு இவரிடம் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் தூக்கமில்லாமல் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று டாக்டரிடம் சொல்லிவிடுவார், குழந்தையை உடனே அட்மிட் செய்துவிடுவார்கள் என்று பயந்தேன்.

குறைய ஆரம்பித்து ஒன்பதாவது நாள் பகலில், குழந்தை தூங்கும்போது, ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் தாளைத் தேடி எடுத்தேன். இப்போது கொடுப்பது போதுமா என்று அவளுடைய பழைய அளவுகளைப் பார்ப்பதற்காகத்தான். பிறந்த நாளிலிருந்து வேளைக்கு எவ்வளவு குடித்தாள் என்று நர்ஸ் வரிசையாக எழுதியிருந்தார். ஐந்து, எட்டு, பன்னிரண்டு, பதினைந்து, இருபது, இருபது, இருபத்தைந்து, முப்பது, முப்பது.

என் நோட்டைத் திறந்து பக்கத்தில் வைத்தேன். நேற்றுவரை எட்டு நாள் குறைந்த அளவு: ஐந்து, எட்டு, பன்னிரண்டு, பதினைந்து, இருபது, இருபது, இருபத்தைந்து, முப்பது.

ஆறாவது நாள் ஏறாமல் அதே இருபதில் நின்றதற்கு நர்ஸ் காரணம் எழுதியிருந்தார், வாந்தி என்று. என் நோட்டில் ஆறாவது நாளில் அதே இருபது நிற்கிறது, காரணம் எதுவும் இல்லை.

ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்து மறுபடி சரிபார்த்தேன். ஏதோ திருடுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இது திருட்டு இல்லை. ஏதோ ஒன்று பிறந்து, வளர்ந்துகொண்டிருக்கிறது.

அப்போதுதான் வாசலில் கன்னியம்மாவின் குரல். கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து கூடையோடு பஸ் பிடித்து வந்து எங்கள் காலனியில் மீன் விற்கிறவள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று வாரம் இரண்டு நாள் எனக்குப் பால்சுறா கொண்டுவருவாள். கூடையை இறக்கிவைத்துவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கேட்டாள். நான் ஃப்ரிட்ஜைத் திறந்ததும் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னாமா இது, மருந்துக் கடையாட்டம் கீது? பாலப் போயி மில்லி மில்லியா அளந்துகினு கீறியே, கண்ணு பட்டுடாது? ஆமா, மூஞ்சி ஏன் இப்டி கீது உனுக்கு?"

ஏன் அவளிடம் சொன்னேன் என்று தெரியவில்லை. கேட்டாள், அதனால் சொன்னேன். இரண்டு வரிசை எண்களையும் வாசித்துக் காட்டினேன். சிரிக்கவில்லை, பயப்படவுமில்லை. சொம்புத் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுக் கேட்டாள்.

"ரெட்டையா உண்டாயிருந்தியா? ஒண்ணு தங்காத பூட்சா?"

"இல்ல கன்னியம்மா. ஒண்ணுதான்." மூன்று ஸ்கேன் தாள்களும் என்னிடம் இருக்கின்றன, மூன்றிலும் ஒன்று என்றுதான் இருக்கிறது.

"அதுக்கு மின்ன எதுனா கலஞ்சுதா?"

"ஒரு நாள் தள்ளிக்கூடப் போனதில்ல."

"இந்த வூட்ல மின்ன குடியிருந்தவங்க?"

"ரிட்டயர்டு வாத்தியார். தனி ஆள்."

"அப்ப யாரோ," என்றாள், ஏதோ விலை படிந்துவிட்ட மாதிரி. "யாரா இருந்தா இன்னா? எங்களாண்ட கடல்லேர்ந்து வந்தா ஆளுக்கு ஒரு பங்கு, படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு. படகும் வலையும் இன்னா சோறா துன்னுது? ஆனா அதுக்கு பங்கு வெச்சிட்டுத்தான் மத்தவன் கை வெப்பான். நீயும் அதும் பங்க தனியா எட்த்து வையி. உன் பொண்ணு பங்காண்ட அது வராது."

"என் பொண்ணுக்கே பத்தலயே."

"இன்னொரு தபா எடு. எட்டோட நிறுத்திக்கணும்னு இன்னா, கவர்மென்ட் ஆர்டரா?"

அன்று சாயங்காலம் நாலரை மணிக்கு ஒன்பதாவது வேளை பம்ப் செய்தேன். நேரமே இல்லாத நாளில் இன்னொரு அரை மணி. கை கடுத்தது. முப்பத்திரண்டு வந்தது. நம்பிக்கையால் செய்யவில்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எட்டு நாள் சோதித்தாயிற்று, இது ஒன்பதாவது என்று நினைத்துத்தான் செய்தேன். முப்பது மில்லியை ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் ஊற்றி மூடி, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தேன்.

ஆறு மணிக்குக் கிண்ணம் காலி. அடியில் பால் ஒட்டிய வெள்ளைகூட இல்லை. மூன்று மணிப் பாட்டிலை எடுத்துக் கோட்டைப் படித்தேன். ஒரு மில்லி குறையவில்லை.

ஒரு வேளை கூட்டினால் உடம்பு அதற்கேற்ற மாதிரி அதிகம் சுரக்கும், அது மருத்துவ உண்மை, அதை யாரும் மறுக்க முடியாது. நாலாவது நாள் என் மொத்தம் நானூற்றெழுபதைத் தாண்டியது. முப்பதாவது நாள் தராசில் நிவேதா நூற்றெழுபது கிராம் ஏறியிருந்தாள். டாக்டரம்மா, "என்ன மாலதி மேடம், ரகசியம்?" என்று கேட்டார். பால்சுறா என்றேன்.

அதற்குப் பிறகு அது என் வேலைகளில் ஒன்றாகிவிட்டது. நோட்டில் ஒரு பத்தி கூடியது. மற்றப் பத்திகளுக்கெல்லாம் தலைப்பு உண்டு, அதற்கு என்ன தலைப்பு போடுவது என்று தெரியாமல் காலியாகவே விட்டேன். பதினாறு நாளுக்கு முன்னால் நிவேதா வேளைக்கு என்ன குடித்தாளோ, அந்த அளவை ஊற்றி வைப்பேன். ஒரு தடவைகூட மிச்சம் வைத்ததில்லை. ஒரு தடவைகூட மற்ற பாட்டில்களைத் தொட்டதும் இல்லை. நேர்மையான உயிர், அது என்னவாக இருந்தாலும்.

மூன்றாவது மாதத் தொடக்கத்தில் எனக்கு இடது பக்கம் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்தது. நூற்று மூன்று. தொட்டால் கல் மாதிரி இருந்தது. அன்று முழுக்க எட்டு வேளைக்கும் சேர்த்து இருநூற்றுப்பத்துதான் வந்தது, அவளுக்கோ ஐந்நூறுக்குக் குறையாமல் வேண்டும். ஃப்ரீசரில் இருந்த இருப்பையெல்லாம் இளக்கினேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் மறுநாள் காலைவரைக்கும் சரியாக வரும், ஒரு சொட்டு மேலே கிடையாது. நாலரை மணிக்கு வந்த நாற்பதைப் பாட்டிலில் பிடித்தேன். கிண்ணத்தை எடுக்கவில்லை. என் மகளுக்குத்தான் கொடுத்தேன். அதில் எனக்கு அன்றும் இன்றும் குழப்பம் இல்லை.

அது வந்து பாட்டிலிலிருந்து எடுத்துக்கொள்ளும் என்று எதிர்பார்த்தேன். பாட்டில்களை நானே எண்ணிப் பார்த்து அடுக்கி, காய்ச்சலோடு ஃப்ரிட்ஜுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். எதுவும் குறையவில்லை.

மறுநாளும் குறையவில்லை. மூன்றாம் நாள் மருந்து வேலை செய்து கட்டி இளகியது, பால் திரும்பி வந்தது. முதல் வேலையாகக் கிண்ணத்தில் ஐம்பது ஊற்றி வைத்தேன். ஆறு மணிக்குத் திறந்தேன், ஐம்பது. மறுநாள் புதிதாக வைத்தேன், ஐம்பது. அதற்கும் மறுநாள், ஐம்பது. தொடாத பாலைக் கொண்டுபோய்ச் செம்பருத்தி வேரில் ஊற்றினேன்.

இந்த இடத்தில்தான் நீங்கள் என்னைப் பைத்தியம் என்று நினைப்பீர்கள். தொல்லை விட்டது என்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வீட்டில் ஒரு பொல்லாததும் இல்லை, ஒரு வேளை பம்ப்பும் மிச்சம். எனக்கு அப்படித் தோன்றவே இல்லை. ஒன்றரை மாதக் குழந்தை ஐந்து நாள் சாப்பிடாமல் இருந்தால் என்ன ஆகும் என்றுதான் தோன்றியது. நிவேதாவுக்குப் புகட்டிக்கொண்டிருக்கும்போதே காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன், எதைக் கேட்க என்று எனக்கே தெரியாது. ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து, யாரும் இல்லாத கீழ்த்தட்டைப் பார்த்து, "அன்னிக்கு நெஜமாவே இல்லம்மா. இருந்தா குடுத்திருக்க மாட்டேனா?" என்று வாய்விட்டுச் சொன்னேன். ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவள் சொன்னேன்.

அடுத்த நாள் ஆறு மணிக்குக் கிண்ணத்தை எடுத்து அளந்தேன். நாற்பது. பத்து மில்லி குறைந்திருந்தது. காய்ச்சல் விட்ட குழந்தை முதலில் அவ்வளவுதான் குடிக்கும். கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன், குக்கர் நாலு விசில் அடித்தது காதில் விழவில்லை. அதற்கடுத்த நாள் இருபது குறைந்தது, பிறகு முப்பது. ஒரு வாரத்தில் பழைய அளவுக்கு வந்துவிட்டது.

ஒன்பது மாதம் பம்ப் செய்தேன். கடைசி மாதத்தில் நிவேதா கஞ்சி, பருப்பு என்று சாப்பிட ஆரம்பித்துவிட்டாள், எனக்கும் பால் வற்றிக்கொண்டே வந்தது. கடைசியாக வந்தது பதினைந்து மில்லி. அதைக் கிண்ணத்தில்தான் ஊற்றினேன். ஆறு மணிக்குக் காலியாக இருந்தது. கழுவிக் கவிழ்த்து வைத்தேன். மறுநாள் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை, எதுவும் குறையவும் இல்லை. பத்தாவது மாதத்தில் நிவேதாவுக்கு ஆபரேஷன் நடந்து அண்ணம் மூடிவிட்டது. இப்போது நாலு வயது முடிந்துவிட்டது, நாளெல்லாம் பேசுகிறாள், 'க' மட்டும் கொஞ்சம் மூக்கில் வரும்.

இதுவரை சொன்னதை என்னால் தாங்கிக்கொள்ள முடிகிறது. அளந்தேன், கொடுத்தேன், எழுதி வைத்தேன், முடிந்தது. காரணம் தெரியாவிட்டாலும் அளவு தெரியும். தாங்க முடியாதது போன மாதம் நடந்தது.

போலியோ சொட்டு மருந்து கொடுத்த மறுநாள், விட்டுப்போன குழந்தைகளைத் தேடி வீடு வீடாக வருவார்களே, அப்படி ஒரு பெண் வந்தாள். கையில் நோட்டு, சாக்பீஸ். நான் உள்ளே நிவேதாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். இவருக்கு அன்று லீவு, கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"சார், வீட்ல அஞ்சு வயசுக்குள்ள எத்தனை குழந்தைங்க?"

இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ரெண்டும்மா. ரெண்டு பேருக்கும் நேத்தே போட்டாச்சு."

அந்தப் பெண் சுவரில் இரண்டு என்று எழுதினாள். "ரெண்டு பேரையும் கூப்பிடுங்க சார், விரல்ல மை பாக்கணும்."

நிவேதா ஓடிப் போய் விரலை நீட்டினாள். அந்தப் பெண் பார்த்துவிட்டு, "இன்னொரு பாப்பா?" என்றாள்.

அப்போதுதான் இவர் நிமிர்ந்தார். அந்தப் பெண்ணைப் பார்த்தார், நிவேதாவைப் பார்த்தார், பிறகு கதவருகில் சீப்போடு நின்ற என்னைப் பார்த்தார். "ஒண்ணு... ஒண்ணுதான்மா."

"இன்னா சார், சொந்தப் புள்ளைங்க எண்ணிக்கையே தடுமாறுது?" என்று சிரித்துக்கொண்டே இரண்டை உள்ளங்கையால் அழித்து ஒன்று என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

கிண்ணத்தைப் பற்றி இவருக்குத் தெரியாது. இவர் வருவதற்கு முன்னால் ஆறு மணிக்கே எடுத்துக் கழுவிவிடுவேன், ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டில்களுக்குப் பின்னால் ஒளித்து வைப்பேன். தலைப்பில்லாத பத்தியை இவர் பார்த்ததில்லை. கன்னியம்மாவைத் தவிர யாரிடமும் நான் சொன்னதில்லை, கன்னியம்மா இவரோடு பேசியதே இல்லை. ரெண்டு பேருக்கும் நேத்தே போட்டாச்சு என்று எதை நினைத்துச் சொன்னார் என்று நான் இன்னும் கேட்கவில்லை. தெரியல, வாய்தவறி வந்துடுச்சு என்று சொன்னால் அதோடு விட்டுவிடுவேன். வேறு பதில் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்றுதான் கேட்காமல் இருக்கிறேன். முந்தின நாள் நிவேதாவைச் சொட்டு மருந்துக்குக் கூட்டிக்கொண்டு போனது இவர்தான்.